உளியின் தோய்ச்சலும் பள்ளிப் பாடமும்

புதிய உளி ஒன்று தச்சரின் கைக்கு வரும்போது அதன் பிடியின் மெருகையும் அலகின் பளபளப்பையும் எல்லோரும் காண்கின்றனர். அந்த அலகின் முனையில் எவ்வளவு வெப்பம் எந்த வரிசையில் ஏற்றி இறக்கப்பட்டது என்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆயினும், தேக்கிலோ சீசம் மரத்திலோ துளையிடத் தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் உளியின் தரத்தை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத அந்த வெப்பமே. முனை மடங்கினால் உருக்கு மென்மையாக விடப்பட்டது என்று பொருள். முனை உதிர்ந்தால் கடினம் மிகுந்து நின்றுவிட்டது என்று பொருள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் கொல்லர்கள் நெடுங்காலமாகத் தோய்ச்சல் என்றும் பதம் என்றும் வழங்கி வந்துள்ளனர். வட இந்தியக் கொல்லர்கள் 'நீர் ஏற்றுதல்' என்று பொருள்படும் சொல்லால் இதனைக் குறிப்பர்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள் இடம் பெற்றுள்ளன. தச்சர், கொல்லர், சம்மட்டி முதலிய கருவிகளைச் செய்வோர் ஆகிய மூவரும் அப்பட்டியலில் உள்ளனர். கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. 5 முதல் 7 நாட்கள் வரை நடைபெறும் அடிப்படைப் பயிற்சியும் உண்டு. வரவேற்கத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. எனினும், கருவியைக் கொடுத்துவிட்டு, அது தன் பதத்தை இழக்கும் விதத்தையும் மீளப் பெறும் விதத்தையும் சொல்லாது விடுவது, கிணறு வெட்டிக் கொடுத்துக் கயிறு கொடாதது போன்றதாகும். தச்சருக்கு ஒரு நாள், கொல்லருக்கு ஒரு நாள் என்று தனித்தனியே வகுப்பு நடத்துவதைக் காட்டிலும், இருவரையும் ஒரே உலையின் முன் நிறுத்தி ஓர் உளியைச் செய்யச் சொல்வது பயிற்சியின் பயனைப் பன்மடங்கு ஆக்கும்.

பள்ளிகளின் நிலையும் இதனோடு தொடர்புடையதே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பழக வேண்டும் என்கிறது. எடுத்துக்காட்டாகக் கூறப்படுவோருள் தச்சர் முதலில் நிற்கிறார். கருத்து புதிதன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டை ஒட்டிக் காந்தியடிகள் வற்புறுத்தியதும் இதுவே: கைத்தொழிலை யந்திரம்போல் பழக்கலாகாது, ஒவ்வொரு செயலும் ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்பதைக் குழந்தை அறிந்துகொண்டே பழக வேண்டும். நடைமுறையில் இந்த 'ஏன்' என்பதுதான் முதலில் கைநழுவி விடுகிறது. தச்சுப் பட்டறைக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் மரச்சீவல் சுருள்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவதோடு பாடம் முடிந்துவிடுவதுண்டு.

உளி செய்தல் அந்த 'ஏன்' என்பதை விடாது பிடித்துக் கொள்ளும் தொழிலாகும். ஏனெனில் இதில் காரணம் தெரியாமல் செய்தவரை அன்று மாலைக்குள்ளேயே உளி காட்டிக் கொடுத்துவிடும்.

உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு கார்பனும் சேர்ந்தது. சாதாரண வெப்பநிலையில் இரும்பின் படிகக் கட்டுக்குள் கார்பன் அணுக்களுக்கு இடம் இல்லை என்றே கூறலாம். அவை இரும்புடன் கூடி இரும்புக் கார்பைடாகத் தனித்து நிற்கின்றன. 727 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறத் தொடங்குகிறது. புதிய அடுக்கில் இடைவெளி மிகுதியாதலால் கார்பன் அதனுள் கரைந்து பரவுகிறது. பின்னர் மெல்ல ஆற விட்டால் கார்பன் வெளியேறித் தன் பழைய நிலையை அடைய அவகாசம் கிடைக்கும், உருக்கு மென்மையாகும். திடீரெனக் குளிர்வித்தால் அந்த அவகாசம் இல்லை. கதவு சாத்தப்பட்ட அறையில் சிக்கிய கூட்டம்போல் கார்பன் உள்ளேயே அகப்பட்டுக் கொள்ள, படிகக் கட்டு விறைத்து நிற்கிறது. அரம் பிடிக்காத கடினம் இவ்வாறே தோன்றுகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ப் மார்ட்டென்சின் பெயரால் இந்நிலை மார்ட்டென்சைட்டு என்று வழங்கப்படுகிறது. இந்நிலையிலேயே விடப்பட்ட உளி கல் தரையில் விழுந்தால் கண்ணாடிபோல் உடையவும் கூடும். ஆகவே மீண்டும் சிறிது சூடேற்றி, அகப்பட்ட கார்பனில் ஒரு சிறு பகுதிக்கு வழி விட வேண்டும். பதம் இறக்குதல் என்பது இதுவே.

இதனை அறியாமையால் அன்றாடம் நிகழும் இழப்பு ஒன்றைக் கள ஊழியர்கள் கூர்ந்து கவனித்தல் நலம். மின்சாரச் சாணைக் கல் இன்று சிற்றூர்ப் பட்டறைகளிலும் புகுந்துவிட்டது. உளியை அதில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய முனை சில விநாடிகளில் 300 டிகிரியை எட்டி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடம் தன் கடினத்தை இழந்த இடம். உடனே நீரில் அமிழ்த்தினால் கடினம் திரும்பிவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது பிழை. நீரில் அமிழ்த்துவதற்கு முன் உருக்கு செந்தழல் நிலையை அடைந்திருந்தாலன்றிக் கார்பன் கரைவதில்லை. கரையாததை நீர் சிறைப்படுத்தவும் இயலாது. அத்தகைய உளிக்கு இரண்டே வழிகள் உண்டு. நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் அடிக்கடி நீரில் நனைத்துக்கொண்டே மெல்லத் தேய்த்து நீக்கலாம். அல்லது முதலிலிருந்து மீண்டும் தோய்க்கலாம். இந்த ஒரு செய்தியை மட்டும் கருவி வழங்கும் நாளன்று கால் மணி நேரம் எடுத்துரைத்தாலும், எத்தனையோ நல்ல உளிகள் ஆணி பிடுங்கும் வேலைக்குத் தள்ளப்படாமல் தப்பும்.

இனிச் செய்முறைக்கு வரலாம். எந்த இரும்பும் உளி ஆகிவிடாது. கட்டடக் கம்பித் துண்டுகள் எங்கும் கிடைப்பதால் அவற்றிலிருந்து உளி செய்ய முனைவோர் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி அக்கம்பியில் கார்பன் 0.30 சதவீதத்துக்கு மேற்படலாகாது. வீடு கட்டுவதற்கு அது சிறந்தது, உளிக்கு ஆகாது. லாரியின் வில்பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். சிலிக்கனோ குரோமியமோ உடன் கலந்திருக்கும். தேய்ந்துபோன நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கும் மேல். முதன்முதலாகச் செய்வோர்க்கு வில்பட்டையே உகந்தது. அது எண்ணெயில் தோய்த்தாலே கடினமாகும். ஆதலின் வெடிக்கும் அபாயம் குறைவு. அரத்தை நீரில் தோய்க்க வேண்டியிருக்கும். மெல்லிய அலகு நீரில் வெடிப்பது புதுமையன்று. தவிரவும், அரத்தின் பற்களை முற்றிலும் தேய்த்து நீக்காவிடில் ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு வெடிப்புக்கு வித்தாகும்.

பழைய வில்பட்டையிலும் ஒரு குறை உண்டு. பல ஆண்டுகள் சுமை தாங்கி வளைந்து நிமிர்ந்ததால் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் அதில் இருக்கலாம். துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவிச் சிறிது நேரம் வைத்தால், கீறலுக்குள் தங்கிய எண்ணெய் வெளிப்பட்டுப் பொடியின்மேல் கோடு காட்டும். கரும்பலகைக்கு அருகிலேயே கிடைக்கும் பொருளால் செய்யத்தக்க இச்சோதனை, பெரிய தொழிற்சாலைகளில் சாயம் ஊற்றிச் செய்யப்படும் சோதனையின் தத்துவத்தையே கொண்டது.

தேர்ந்த துண்டைச் சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆற விட்டால் அரத்துக்கு இணங்கும் மென்மை பெறும். கொல்லர் சம்மட்டியால் அடித்து உருவாக்கலாம். சம்மட்டி ஏந்தாமல் அறுத்தும் அராவியும் கூட உருவாக்கலாம். முனையை இப்போதே கூராக்கி விடலாகாது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்பு முனையில் எஞ்சியிருக்க வேண்டும். மெல்லிய முனை உலையில் மற்றப் பகுதிக்கு முந்திக் கொண்டு சூடேறிக் கருகும். தோய்க்கும்போது கோணிக் கொள்ளவும் செய்யும். மேலும், உலைத்தீயில் உருக்கின் மேற்பரப்பிலிருந்து கார்பன் சிறிது எரிந்து போய்விடும். அந்த மென்மையான தோலைப் பின்னர்த் தேய்த்து நீக்குவதற்கும் தடிப்பு தேவை. புதிய உளி முதல் இரண்டு மூன்று தீட்டல்களில் சரியாக நில்லாமல் பிறகு நன்றாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தோலே. இதை அறியாத தச்சர் நல்ல உளியைக் குறை கூறி ஒதுக்கிவிடுவது பரிதாபத்துக்குரியது.

அடுத்தது, தோய்ப்பதற்குரிய வெப்பநிலையை அறிவது. ஆங்கில நூல்களைப் பின்பற்றி 'செர்ரிப் பழச் சிவப்பு' என்று பாடக் குறிப்புகளில் எழுதப்படுகிறது. செர்ரிப் பழத்தைக் கண்டறியாத ஊர்களில் இவ்வுவமை யாருக்கு என்ன விளக்கும்? அப்பழத்தை அறிந்தவருக்கும் அது முழு வழிகாட்டியன்று. நண்பகல் வெயிலில் மங்கலாகத் தோன்றும் அதே இரும்பு, இருட்டறையில் கண்ணைப் பறிக்கும். பழகிய கொல்லர் உலையைக் கூரையின் நிழலில் அமைத்துக் கொள்வதன் பொருள் இதுவே. பழகாதவர்க்குக் காந்தம் நல்ல துணை. இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் பண்பை இழந்துவிடுகிறது. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி உலையருகே தொங்க விட்டு, சிவந்த அலகை அவ்வப்போது அதன் அருகே கொண்டு சென்றால் போதும். காந்தம் அசையாது நின்ற பிறகு, இன்னும் சற்றே, அதாவது நிறம் ஒரு படி தெளிவடையும் வரை, சூடேற்றி உடனே தோய்க்க வேண்டும். அதற்கு மேலும் காய்ச்சினால் கடினம் கூடும் என்று எண்ணுவது தவறு. படிகங்கள் பருத்து, உளி எளிதில் உடையும் தன்மையையே அடையும்.

எண்ணெய் கடலை எண்ணெயாயினும் கடுகு எண்ணெயாயினும் ஆகும். கையால் தொடப் பொறுக்கும் எல்லையைச் சற்றுத் தாண்டி, 50 அல்லது 60 டிகிரிக்கு அதனைச் சூடாக்கிக் கொண்டால் இளகி விரைந்து வெப்பத்தை வாங்கும். அலகு செங்குத்தாக இறங்க வேண்டும். மேலும் கீழும் அசையலாம், பக்கவாட்டில் அசைத்தால் ஒரு முகம் முந்திக் குளிர்ந்து வளையும். பிடிக்குள் செல்லும் வாலை எண்ணெயில் இறக்க வேண்டியதில்லை. கொட்டாப்புளியின் அடியைத் தாங்க அது மென்மையாக இருப்பதே நல்லது. ஆறிய பின் பழைய அரம் ஒன்றை முனையின்மீது ஓட்டிப் பார்த்தால், கடினம் ஏறியிருப்பின் அரம் கண்ணாடியின்மேல் போல வழுக்கும்.

பதம் இறக்குவதில் கொல்லரின் பழைய முறை கண்ணுக்கு இனியது. முனையை மட்டும் தோய்த்து, வெளியே எடுத்து, மணற்கல்லால் ஒரு முகத்தைப் பளபளப்பாக்கினால், பின்பகுதியில் எஞ்சிய சூடு முனையை நோக்கி ஊர்ந்து வரும். அதனோடு நிறங்களும் ஊர்ந்து வரும். வெளிறிய வைக்கோல் நிறம் 210 முதல் 220 டிகிரி, அடர்ந்த வைக்கோல் நிறம் 230 முதல் 240, பிறகு பழுப்பு, 275 அளவில் கருஞ்சிவப்பு கலந்த ஊதா, 300ஐ நெருங்க நீலம். மர உளியின் முனையை வைக்கோல் நிறம் எட்டிய கணத்தில் முழு அலகையும் குளிர்வித்துவிட வேண்டும். இந்நிறங்கள் சாயமல்ல, உருக்கின் மேற்பரப்பில் படரும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒளியைச் சிதைப்பதால் தோன்றுவன. சோப்புக் குமிழியிலும் நீர்மேல் பரவிய எண்ணெயிலும் மாணவர் கண்ட அதே விளைவு இங்கு வெப்பமானியாகப் பணி செய்கிறது. எட்டாம் வகுப்பின் ஒளிப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேடினும் கிடைப்பது அரிது.

ஆயினும் நிறத்தை மட்டும் நம்புவதில் இடர் உண்டு. ஒரே வெப்பநிலையில் நீண்ட நேரம் வைத்தாலும் நிறம் அடர்ந்து கொண்டே போகும். குரோமியம் கலந்த உருக்கில் நிறம் பிந்தித் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் வெப்பக் காற்று அடுப்பு இருப்பின், தோய்த்த உளியை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆற விட்டு, மீண்டும் ஒரு மணி நேரம் வைப்பது ஐயத்துக்கு இடமற்ற முறை. அடுப்பு இல்லாத ஊரிலும் ரொட்டிக் கடை இருக்கும். அதன் அடுப்பு ஏறத்தாழ இதே வெப்பநிலையில்தான் ரொட்டியை வேக வைக்கிறது.

கடையில் நல்ல உளி கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்ற வினா எழுவது இயல்பு. தொழிற்சாலை உளி தாழ்ந்ததன்று. வெப்பநிலையை அளந்து ஆளும் உலைகளில் தோய்க்கப்படுவதால் நூறு உளியும் ஒரே தரமாக வருவது அங்குதான். கைக்கருவித் தொழிலுக்கு உதவவென்றே 1983ஆம் ஆண்டில் ஜாலந்தரில் மத்தியக் கைக்கருவி நிறுவனம் ஒன்றை அரசு நிறுவியது. அத்தகைய முயற்சிகளோடு ஊர்க் கொல்லரின் உலை போட்டியிட வேண்டும் என்பது இங்கு வாதமன்று. சகாரன்பூரில் சீசம் மரத்திலும், காசுமீரத்தில் வால்நட் மரத்திலும் பூவேலை செய்வோர்க்கு வேண்டிய வளைந்த சிற்றுளிகளின் வகைகளைக் கடைப் பட்டியல் ஒருபோதும் முழுமையாகக் கொடுத்துவிட முடியாது. ஓர் இலையின் மடிப்புக்கு ஓர் உளி, ஒரு கொடியின் திருப்பத்துக்கு வேறோர் உளி. அவை செய்யப்பட வேண்டியவை. செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய உளியும் வாழ்நாளில் ஒரு முறையேனும் சூடுபட்டுக் கெடத்தான் போகிறது. அப்போது அதை எறிவதா, மீட்பதா என்பது அறிவைப் பொறுத்தது, பணத்தைப் பொறுத்ததன்று.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் ஊட்சு உருக்கை நினைவூட்டுவர். தெலங்கானத்தின் கோனசமுத்திரம் போன்ற ஊர்களில் மூசைகளில் உருக்கப்பட்ட அவ்வுருக்கு அயல்நாடுகளுக்குச் சென்றதும், மைக்கேல் பாரடே தம் இளமையில், 1819ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் இலண்டனில் அதை ஆராய்ந்ததும் உண்மையே. ஆனால் அப்பெருமையைச் சொல்லிக் கைதட்டல் பெறும் அதே விழாவில், இன்றைய கொல்லர் மேடைக்கு வெளியே நிறுத்தப்படுவது பொருந்தாது. இராசத்தான், அரியானா சாலையோரங்களில் வண்டியுடன் தங்கிக் கருவி அடித்துத் தரும் காடுலியா லோகர் மக்களை 1955ஆம் ஆண்டில் ஜவாகர்லால் நேரு சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். அவர்களுடைய உலைகளில் இன்றும் வில்பட்டை கருவியாக மாறிக் கொண்டிருக்கிறது. பள்ளியோ பயிற்சி நிலையமோ அத்தகைய ஒருவரை அழைக்குமாயின், வேடிக்கை காட்ட வந்தவராக அன்றி ஆசிரியராக அழைத்து, அன்றைய கூலி இழப்பை ஈடு செய்யும் மதிப்பூதியத்தையும் தயக்கமின்றிக் கொடுக்க வேண்டும். அவருடைய கண் அறிந்ததை விஞ்ஞான ஆசிரியர் காந்தத்தாலும் வெப்பமானியாலும் சரிபார்க்கட்டும். சில இடங்களில் கொல்லர் பிழைபட்டிருப்பார். சில இடங்களில் பாடநூல் பிழைபட்டிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். உலை முன்னின்று தோய்ப்பது கொல்லரின் வேலை. 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் எட்ட நின்று காணவும் குறிப்பு எடுக்கவும், ஆறிய அலகை அராவவும் தீட்டவும் போதும். எண்ணெய்க் கலம் உலோகத்தாலானதாக, சாயாத அடியும் மூடியும் உடையதாக இருக்க வேண்டும். 4 லிட்டருக்குக் குறைந்த எண்ணெயில் தோய்க்கலாகாது. எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டுமேயன்றி நீர் ஊற்றவே கூடாது. பழைய எஞ்சின் எண்ணெயின் புகை கேடானது. அதைத் தவிர்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் இடுவதும் தவறு. பருத்தி ஆடையும் கண்ணாடியும் கட்டாயம்.

முதல் முயற்சியில் சில உளிகள் வெடிக்கும். அவற்றைத் தலைமை ஆசிரியரின் கண்ணில் படாமல் மறைக்க வேண்டியதில்லை. ஒரே வில்பட்டையிலிருந்து விரல் நீளத் துண்டுகள் மூன்றை வேண்டுமென்றே தனித்தனி விதமாகத் தோய்க்கச் செய்வது இன்னும் நன்று. முதல் துண்டைக் காந்தம் இன்னும் பற்றும் நிலையிலேயே தோய்க்க வேண்டும். இரண்டாவதைக் காந்தம் விட்ட பின். மூன்றாவதை மஞ்சளாகத் தகதகக்கும் வரை காய்ச்சி. பிறகு ஒவ்வொன்றையும் தடித்த துணியில் சுற்றிப் பிடிப்பிடுக்கியில் இறுக்கிக் கொல்லர் அடித்து முறிக்க முயலட்டும். முதலாவது வளையும், எளிதில் முறியாது. இரண்டாவதன் முறிந்த முகம் பீங்கான்போல் நுண்ணிய சாம்பல் நிறமாக இருக்கும். மூன்றாவதில் சர்க்கரை மணிபோல் பருத்த பொடிகள் மின்னும். மூன்றையும் பெயரெழுதிய அட்டையில் கட்டி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் வகுப்பின் சன்னலோரத்தில் மாட்டி வைத்தால், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளும் பார்த்துக் கொள்வார்கள்.